பேகூர்க் கல்வரை

முந்தின இரவு நல்ல மழை. ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சைக்கிள்களோடு அல்சூர் ஏரிக்கரையில் நால்வர் கூடினோம். பெங்களூருவில் சீட்டு வாங்காமல் பார்க்கக்கூடிய சிற்பங்களை ஒரே நாளில் பார்த்துவிடுவது என்று பேச்சு.

தமிழர்கள் நிறைந்த அல்சூரில் முதல் வணக்கம் வள்ளுவர் சிலைக்குத்தான். 1991-இல் நிறுவப்பட்ட இந்தச் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9-இல் திறந்தார்கள். நான்கே நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. இரு மாநிலங்களும் செய்த அருமையான காரியங்களில் ஒன்று அது.

கப்பன் பார்க்கில் 1906-இல் வைத்த விக்டோரியா மகாராணியின் பளிங்குச் சிலை. வேலைப்பாடு நேர்த்திதான், மனம் ஒட்டவில்லை. பசவனகுடி நந்தியிடம் ஒட்டியது. ஒரே பாறையில் செதுக்கிய, ஏறத்தாழ பதினைந்து அடி உயர உருவம். எண்ணெய் பூசிப் பூசி மைபோல் கறுத்திருக்கிறது. கன்னடக் கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையில் இங்கே கூடும் கடலைக்காய்த் திருவிழாவில் தெருவெல்லாம் நிலக்கடலைக் குவியல்தான்.

அங்கிருந்து சில்க் போர்டு, பொம்மனஹள்ளி வழியாகப் பேகூர். லாரிப் புகையில் கண் எரிந்தது. ஆனால் இந்த ஒரு கல்லுக்காகவே அன்றைய மிதி அத்தனையும் தகும்.

பேகூர் பஞ்சலிங்கேஸ்வரர் கோயில் வளாகத்தில் இருக்கிறது அந்தக் கல்வெட்டு. காலம் ஏறத்தாழ கி.பி. 890, கங்கர் ஆட்சி. நாகத்தரன் என்ற தலைவனைச் சேர்ந்த புட்டணசெட்டி, பெங்களூருப் போரில் மாண்டான் என்கிறது அது. பெங்களூரு என்ற பெயர் கல்லில் அப்போதே இருக்கிறது. வீரபல்லாளனுக்குக் கிழவி வெந்த பயறு கொடுத்ததால் வந்த பெயர் என்று சொல்வார்களே, அந்த ஹொய்சள அரசனுக்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் மூத்தது இந்தக் கல். கெம்பேகவுடர் கோட்டை கட்டிய 1537-க்கு அறுநூற்றைம்பது ஆண்டுகள் மூத்தது. எங்களில் கன்னடக்கார நண்பர் குந்தி உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் பார்த்தார். பழைய எழுத்து, இரண்டு மூன்றுதான் பிடிபட்டன. அதற்கே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

பேகூரில் கிடைத்த இன்னொரு வீரக்கல், யானையும் குதிரையும் வீரர்களுமாக ஒரு போர்க்களத்தையே செதுக்கியது, கஸ்தூரிபா சாலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு இன்னொரு நாள்.

விமான நிலையத்தில் 2022-இல் எழுப்பிய 108 அடி கெம்பேகவுடர் சிலையைக் காரிலிருந்தே பார்த்துவிடலாம். இடுப்பளவுக் கல்லைப் பார்க்க இறங்கித்தான் ஆகவேண்டும். அதனால்தான் இப்படிப்பட்ட கற்கள் தொலைகின்றன. கி.பி. 750-ஐ ஒட்டிய ஹெப்பாளின் கிட்டய்யன் என்ற வீரனின் கல், 2018-இல் சாக்கடைப் பணி நடந்த இடத்தில் உடைபடும் நிலையில் இருந்தது. ஊர்க்காரர்களும் ஆர்வலர்களும் காப்பாற்றி மண்டபம் எழுப்பினார்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கம் இருப்பவர்களே, உங்கள் வயல் வரப்பிலும் இப்படி நடுகற்கள் நிற்கின்றன. அவற்றின்மேல் சுண்ணாம்பு அடிக்காதீர்கள், பெயர்த்துப் படிக்கல்லாகப் போடாதீர்கள். தொல்லியல் துறைக்கு ஒரு தகவல் சொல்லுங்கள்.