ஒரே கிண்ணம்

ஞானஸ்நானம் என வழங்கிய சொல்லை இன்று பலர் திருமுழுக்கு என்கின்றனர். இராப்போசனம் திருவிருந்தாயிற்று, கத்தோலிக்கர் அதனை நற்கருணை என்பர். சொற்களைத் துருவிப் பார்ப்பது தமிழாசிரியனின் பழக்கம். எனினும் என் சிந்தை நின்றது அவ்விரு சடங்குகளிடையே உள்ள வேற்றுமையிலேயே.

திருமுழுக்கு ஒருவருக்கு வாழ்வில் ஒருமுறையே நிகழ்வது. விருந்தோ மீண்டும் மீண்டும், பிறரோடு கூடி உண்பது. நீரில் மூழ்கியோர் அனைவரும் ஒரு குடும்பமாயினர் என்று சொல்லிவிடுதல் எளிது. அதனைச் சோதிக்கும் உரைகல் ஒரே கிண்ணத்தில் பருகும் அந்த நேரமே என்பது என் துணிபு.

1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு, மறு ஆண்டே தமிழருக்குத் திருமுழுக்கு அளித்தார். நூறாண்டுகள் கடந்த பின்னரும் தஞ்சைத் திருச்சபையில் சாதிக்கேற்ற தனி இருக்கை நீங்கவில்லை. கிண்ணத்தை முதலில் பெறுவோர் யார் என்பதிலும் மேல் கீழ் பார்த்தனர். 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் இவ்வழக்கத்தை அடியோடு விலக்குமாறு ஆணையிட்டார். பலர் சபையைவிட்டே வெளியேறினர். எதிர்த்து நின்றோருள் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். இன்றும் ஆலயங்களில் ஒலிக்கும் இனிய கீர்த்தனைகளை இயற்றிய அதே புலவர்தாம்! புலமையும் சாதிப்பற்றும் ஒருவரிடமே குடியிருக்கும் என்பதை மாணவர்க்கு மறைக்க வேண்டியதில்லை.

கடல் கடந்து வந்த நம்மவரும் இதனைச் சுமந்தே வந்தனர். 1970களில், எங்கள் தோட்டத்துச் சிற்றாலயத்தில் கிராணியாரும் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரும் அருகருகே முழந்தாளிட்டு ஒரே கிண்ணத்தில் பருகக் கண்டேன். அன்று மாலையே கிராணியார் வீட்டு வாசலில் அத்தொழிலாளிக்குத் தேநீர் வந்தது, தனிக் குவளையில்.