விழித்திருப்பவரின் சூடு

பிறந்த குழந்தைக்குக் குளிரில் நடுங்கத் தெரியாது. நமக்குக் குளிர் ஏறினால் பல் தந்தியடிக்கும், தோள் குலுங்கும். தசைகள் அப்படி உதறித்தான் உடம்புக்குச் சூடு சேர்க்கின்றன. கைக்குழந்தைக்கு முதல் சில மாதங்கள் அது சரிவரக் கைகூடாது. அதற்கு ஈடாகத் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவிலும், கழுத்தடியிலும், சிறுநீரகங்களைச் சுற்றியும் பழுப்பு நிறக் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு பிறக்கிறது. உடம்பு அசையாமலே எரிந்து சூடு தரும் கொழுப்பு அது. ஆல்ப்ஸ் மலையில் வளைதோண்டி வாழும் மார்மொட் என்ற பிராணியின் முதுகில் அதைக் கண்டு 1551-இல் எழுதியவர் சுவிட்சர்லாந்தின் கான்ராட் கெஸ்னர். கொழுப்பென்றும் சொல்ல முடியாமல் தசையென்றும் சொல்ல முடியாமல் இரண்டுக்கும் நடுவில் அதை வைத்தார். பனிக்காலம் முழுக்க உறங்கும் அந்தப் பிராணிக்கும் நம் வீட்டுத் தொட்டிலில் கிடப்பதற்கும் முதுகில் ஒரே அடுப்பு! இதைப் படித்ததிலிருந்து எந்தக் குழந்தையைத் தூக்கினாலும் என் கை அந்த இடத்தைத் தேடிப் போகிறது.

“மாமா, கொடைக்கானல் பக்கம் மன்னவனூர்ல டென்ட் போட்டுத் தங்கலாம்னு இருக்கோம். பாப்பாவையும் தூக்கிட்டுப் போகலாமா?” என்று அக்கா மகள் கேட்டாள். வீட்டுப் பெரியவர்கள் கூடவே கூடாது என்றார்கள். எனக்கோ, கூடாரத்துக்குள் குளிர் எந்த வழியாக வருகிறது என்ற யோசனை பிடித்துக்கொண்டது.

காற்றுக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் தரையும் அதற்குக் குறைந்ததல்ல. படுத்திருக்கும் உடம்பின் சூட்டை மண் இரவு முழுக்க வாங்கிக்கொண்டே இருக்கும். அடியில் தடித்த விரிப்பு இல்லாவிட்டால் மேலே எத்தனை போர்த்தினாலும் போதாது. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே ஓடையோரப் புல்வெளியைவிடச் சற்று மேடான இடம் நல்லது. நம் மூச்சின் ஈரமே கூடாரத் துணியில் படிந்து விடியற்காலையில் சொட்டும் என்பதால் காற்று போய்வரச் சிறிது வழி விட வேண்டும். குளிர்கிறதே என்று குமுட்டி அடுப்பை உள்ளே கொண்டுவந்துவிடக் கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் நினைக்கும்போது என் மனம் போய் நிற்பது ஒரு பழைய நாட்குறிப்பில். அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு வழி தேடி மெரிவெதர் லூயிஸும் வில்லியம் கிளார்க்கும் போன பயணத்தில் ஒரு கைக்குழந்தையும் இருந்தது. ஷோஷோனி இனப் பெண் சகாகவேயாவுக்கு 1805 பிப்ரவரி 11 அன்று பிறந்த ஆண் குழந்தை. இரண்டு மாதம் நிறையும் முன்பே, ஏப்ரல் 7 அன்று, அவனைச் சுமந்துகொண்டு அவள் புறப்பட்டுவிட்டாள். எருமைத்தோல் கூடாரத்தில் தலைவர்களோடு அந்தக் குடும்பமும் படுத்துறங்கியது.

ஜூன் 29. மிசௌரி ஆற்றின் பெரிய அருவிகளுக்கு அருகே திடீரென்று மழையும் கல்மாரியும் பிடித்துக்கொள்ள, கிளார்க்கும் தாயும் பிள்ளையும் அவள் கணவனும் ஒரு வறண்ட ஓடைப் பள்ளத்தில் பாறை அடியில் ஒதுங்கினார்கள். சற்று நேரத்தில் கற்களை உருட்டிக்கொண்டு வெள்ளம் வந்தது. கிளார்க் இடக்கையில் துப்பாக்கியோடு, வலக்கையால் அவளைத் தள்ளித் தள்ளி மேலே ஏற்றினார். அவளுக்குப் பிள்ளையை வாரியெடுக்க மட்டும்தான் நேரமிருந்தது. காலடியில் கிடந்த அவன் துணிமணி, கொசுவலை அத்தனையும் வெள்ளத்தோடு போயின. கிளார்க்கின் குடை போயிற்று. பெரிய திசைகாட்டியும் போயிற்று. வரைபடம் வரைந்துகொண்டு போகிறவருக்கு அது சாதாரண இழப்பல்ல. ஆனால் கரையேறியதும் அவர் இட்ட கட்டளை திசைகாட்டியைப் பற்றியதல்ல: மூட்டைகள் இருக்கும் முகாமுக்கு விரைந்து போக வேண்டும், குழந்தையைப் போர்த்தத் துணி வேண்டும். தாயும் அப்போதுதான் கடும் நோயிலிருந்து தேறியிருந்தாள். நனைந்து விறைத்த அவளுக்கு மறுபடி காய்ச்சல் கண்டுவிடுமோ என்றும் அவர் அஞ்சினார்.

முகாம் போய்ச் சேரும்வரை அந்த நாலரை மாதக் குழந்தைக்கு என்ன சூடு இருந்திருக்கும்? முதுகில் அந்தப் பழுப்புக் கொழுப்பு. வெளியே, நனைந்துபோன தாயின் மார்பு. அது போதுமானதாக இருந்தது. ழான் பாப்டிஸ்ட் என்ற அந்தப் பிள்ளை பசிபிக் கடல்வரை போய்த் திரும்பினான், வளர்ந்து ஐரோப்பாவில் சில ஆண்டுகள் வாழ்ந்தான், 1866-இல்தான் இறந்தான்.

தாயின் மார்புக்கு மருத்துவமனைக்குள் மரியாதை கிடைக்க 1978 ஆகவேண்டியிருந்தது. கொலம்பியாவின் பொகோடாவில் இன்குபேட்டர்கள் போதாமல் தவித்த மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா, எடை குறைந்த சிசுக்களைத் தாயின் வெறும் மார்பில் நிமிர்த்திக் கட்டிவைக்கச் சொன்னார். கங்காரு பராமரிப்பு என்று நம் அரசு மருத்துவமனைகளிலும் இன்று செய்வது அதைத்தான்.

ஆனால் கூடார இரவில் ஒரு சிக்கல் உண்டு. அதே மார்பு அயர்ந்து தூங்கிவிட்டால் ஆபத்து. பெரியவரின் ஸ்லீப்பிங் பேக்குக்குள் குழந்தையைச் சேர்த்துப் படுக்க வைத்தால் மூச்சு முட்டலாம். அளவுக்கு மீறிய சூடும் தூங்கும் சிசுவுக்குக் குளிரைப் போலவே கெடுதல். ஆகவே அது மல்லாந்து, தனி விரிப்பில், உடம்போடு பொருந்திய உடுப்புகளை அடுக்காகப் போட்டுக்கொண்டு, முகத்தில் சரியக்கூடிய போர்வையும் குல்லாயும் இல்லாமல் படுக்க வேண்டும். கைகால் சில்லிட்டிருப்பதை வைத்து முடிவு கட்டக் கூடாது. பிடரியையோ நெஞ்சையோ தொட்டுப் பார்க்க வேண்டும். வியர்த்தால் ஓர் அடுக்கைக் கழற்ற வேண்டும். குளிர்ந்தால் எடுத்து மார்போடு அணைக்க வேண்டும், அணைத்தவர் தூங்காமலிருக்க வேண்டும். துணி தானாக இதைச் செய்யாது.

அக்கா மகளுக்கு நான் சொன்னதும் இதுதான்: ஸ்வெட்டர் எத்தனை என்று எண்ணும் முன், முறை வைத்து விழித்திருக்க எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணு. கணவனும் மனைவியும் மட்டும் என்றால், பகலெல்லாம் மலையேறிக் களைத்த இரண்டு பேரால் அந்த இரவைத் தாங்க முடியாது. அம்மாவையோ மாமியாரையோ அழைத்துக்கொள், என்னைக் கூப்பிட்டாலும் வருகிறேன். ஒருவரும் வர முடியாதென்றால், இந்த வருஷம் சுவரும் கதவும் உள்ள அறையில் தங்கிக்கொள்ளுங்கள்.