ஊரப்பாக்கத்தில் ஒரு கடல்



தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் ஏறினால், வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே ஊரப்பாக்கம் எனும் ஊர் வரும். இருப்புப் பாதைக்கு ஒருபுறம் ஓய்வறியாத ஜி.எஸ்.டி. சாலை, மறுபுறம் ஆதனூர் நோக்கிச் செல்லும் பாதை. அடையாற்றின் தோற்றுவாய்களுள் ஒன்றாக ஆதனூர் ஏரியைச் சொல்வார்கள். 1985-இல் அருகிலுள்ள வண்டலூரில் உயிரியல் பூங்கா திறக்கப்பட்டபோது இப்பகுதியில் வீடுகளைவிட வயல்களே மிகுதி. 2023-ஆம் ஆண்டின் இறுதியில் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின்னரோ, இரவுக்கும் பகலுக்கும் இங்கு வேறுபாடு குறைந்துவிட்டது. தஞ்சையிலிருந்தும், நெல்லையிலிருந்தும், கடலோரப் பட்டினங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் அடுக்ககங்களில் குடியமர்ந்துள்ளன.

இவ்வூரைச் சுற்றி ஏரிகள் உண்டு, கடல் இல்லை. கடலைக் காண வேண்டுமாயின் வண்டலூர் - கேளம்பாக்கம் சாலை வழியே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் கடந்து கோவளம் செல்ல வேண்டும். ஆயினும் ஊரப்பாக்கத்தின் தெரு ஒன்றில், நம் சமுதாயக் குடும்பம் ஒன்றின் கூடத்தில், சிறு கடல் ஒன்று இருக்கிறது. அதைக் காணவே உங்களை இன்று அழைத்துச் செல்கிறேன்.

அவ்வீட்டுச் சிறுமி மதரஸாவில் என்னிடம் ஓதுகிறாள். அவளுடைய பாட்டியார் பரங்கிப்பேட்டையில் பிறந்தவர். முன்னாளில் மஹ்மூது பந்தர் என்று வழங்கப்பட்ட துறைமுகப் பட்டினம் அது. வெள்ளாறு கடலோடு கலக்கும் அந்தக் கழிமுகத்தைக் கண்டு வளர்ந்த அப்பெருமாட்டிக்கு, மகன் வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் கடல்மீன் நீந்துவது தொடக்கத்தில் வேடிக்கையாகவே இருந்ததாம்.

நன்னீர் மீன் வளர்ப்பதும் கடல்மீன் வளர்ப்பதும் ஒன்றல்ல. வடசென்னையின் கொளத்தூர் வண்ண மீன் வணிகத்துக்குப் பெயர் பெற்ற இடம். அங்கே தங்கமீனையோ கப்பியையோ வாங்கி வந்தால், குளோரின் நீக்கிய குழாய் நீரிலேயே வளர்த்துவிடலாம். கடல்மீனுக்கோ கடலையே செய்து தர வேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அது சமையல் உப்பு மட்டுமன்று. மக்னீசியமும் கால்சியமும் வேறு பலவும் அளவோடு கலந்த கலவை. வல்லோன் வகுத்த அவ்வளவைச் சிறிது பிசகினாலும் மீனின் உடல் தாங்குவதில்லை.

இக்குடும்பத்தாரின் முதல் தொட்டி இரண்டடி நீளமுடையது. 60 லிட்டர் கொள்ளளவு. அதில் இரண்டு கோமாளி மீன்களும் மூன்று சிறு நீல மீன்களும் இருந்தன. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையையும் புறநகர்களையும் நீரில் ஆழ்த்திய நாட்களை நாம் மறந்திருக்க முடியாது. பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. இவ்வீட்டிலும் காற்றுக் குழாய் நின்றது, வடிகட்டி நின்றது. பிள்ளைகள் முறைவைத்து, குவளையால் தொட்டி நீரை மொண்டு மொண்டு மேலிருந்து ஊற்றிக் காற்றைக் கலக்க முயன்றனர். இரண்டாம் நாள் ஃபஜ்ருக்கு எழுந்தபோது நீல மீன்கள் மூன்றும் இறந்து மிதந்தன. கோமாளி மீன்கள் இரண்டு மட்டும் எஞ்சின.

அதன் பின்னர் அவ்வீட்டில் எழுந்த கேள்விதான் என்னை இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. கல்லூரியில் பயிலும் மகன், "நான்கடித் தொட்டி வாங்குவோம் வாப்பா, பவளமும் வைப்போம்" என்றான். தந்தை செலவை எண்ணித் தயங்கினார். பாட்டியார் மட்டும் தெளிவாகச் சொன்னார்: "கடல்ல உள்ளதக் கடல்லயே விட்டுடணும். முடியாதுன்னா, அதுக்கு ஒழுங்கா இடம் கொடுக்கணும். ரெண்டும் இல்லாம நடுவுல வெச்சுச் சாகடிக்கக் கூடாது."

இது ஆகுமா, ஆகாதா என்று என்னிடம் கேட்டனர். நான் இரண்டு செய்திகளை அவர்களுக்கு நினைவூட்டினேன். அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரரான அபூ உமைர் எனும் சிறுவர் ஒரு சிறு பறவையை வைத்து விளையாடி வந்தார். அது இறந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் அன்போடு அப்பறவையைப் பற்றி விசாரித்தார்கள். உயிரினத்தை நல்ல முறையில் பராமரித்து வளர்ப்பது ஆகுமானது என்பதற்கு அறிஞர்கள் இதனைச் சான்றாகக் காட்டுவர். மற்றொன்று, பூனையைக் கட்டிவைத்த பெண்ணைப் பற்றியது. அவள் அதற்கு உணவும் தரவில்லை. தானே இரை தேடிக்கொள்ள அவிழ்த்துவிடவும் இல்லை. அதற்காக அவள் தண்டனைக்குள்ளானாள் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி. அனுமதிக்கும் தண்டனைக்கும் இடையே நிற்பது பராமரிப்பு ஒன்றுதான். பாட்டியார் ஓதிப் பார்த்துச் சொல்லவில்லை. ஆயினும் அவர் சொன்னது இவ்விரண்டையும் உள்ளடக்கிய தீர்ப்பாகவே இருந்தது.

அந்த இரு மீன்களையும் கோவளத்துக் கடலில் விட்டுவிடலாமே என்று நீங்கள் எண்ணலாம். நபித்தோழர் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் அடக்கத்தலம் என்று வழிவழியாக நம்பப்படும் தர்கா அமைந்த கடற்கரை அது. அங்கு அடிக்கடி செல்லும் குடும்பம்தான் இது. ஆனால் கோமாளி மீன் பவளப்பாறைகளுக்கிடையே, கடல் சாமந்தி எனும் உயிரினத்தின் கொடுக்குகளுக்குள் ஒளிந்து வாழ்வது. மணற்பாங்கான கரையில் விட்டால் அதற்குப் புகலிடம் கிடையாது. தொட்டியில் வளர்ந்த மீன் தன்னோடு நோயைக் கடலுக்குக் கொண்டு செல்லவும் கூடும். நல்ல பராமரிப்பில் இவ்வகை மீன் பத்தாண்டுகளுக்கு மேலும் உயிர் வாழும். ஆகவே அதை வாங்குபவர் பத்தாண்டுப் பொறுப்பை ஏற்கிறார். இஸ்லாமிய வழக்கில் இதற்கு அமானிதம் என்று பெயர்.

பெரிய தொட்டி ஆடம்பரமல்லவா என்ற ஐயமும் எழுந்தது. கணக்கிட்டுப் பார்த்தோம். பழைய தொட்டி 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம். புதியது 120 செ.மீ. நீளமும், 60 செ.மீ. அகலமும், 60 செ.மீ. உயரமும் கொண்டது. நீரின் மேற்பரப்பு நான்கு மடங்கு. கொள்ளளவு ஆறு மடங்குக்கு மேல். மேற்பரப்பு விரிந்தால் காற்று மிகுதியாகக் கரையும். நீர் மிகுந்தால் கழிவு நீர்த்துப்போகும். கோடையின் வெப்பமும் மெல்லவே ஏறும். சிறு தொட்டியில் ஒரு மணி நேரத்தில் நேரும் கேடு, பெரிய தொட்டியில் நேர ஒரு நாள் ஆகலாம். அந்த ஒரு நாளில் மனிதன் விழித்துக்கொள்ளலாம்.

ஆனால் இங்கொரு சோதனை உண்டு, நண்பர்களே! தொட்டி பெரிதானதும் மீன்களை மேலும் வாங்கிக் குவிக்க மனம் விரும்பும். அவ்வாறு செய்தால் பெருக்கிய நீரின் பயன் அனைத்தும் கரைந்துவிடும். எனவே "நீரைப் பெருக்குவோம், மீனைப் பெருக்க மாட்டோம்" என்று குடும்பத்தார் அனைவரும் கூடி முடிவெடுத்தனர். செலவை எண்ணித் தயங்கிய தந்தையும் அதன் பின்னரே இசைந்தார்.

பவளம் வேண்டும் என்ற மகனின் ஆசைக்கு நாட்டின் சட்டமே விடை தந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், பாறை கட்டும் பவளங்களும், கடல் விசிறிகளும், கடல் குதிரைகளும், கடல் அட்டைகளும் 2001 முதல் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்த காலத்தின் விளைவை அங்குள்ளோர் அறிவர். அத்தீவுகளுள் இரண்டு நீருக்குள் மூழ்கிப் போயின. முத்தையும் பவளத்தையும் தன் அருட்கொடைகளாக அர்ரஹ்மான் அத்தியாயத்தில் இறைவன் எண்ணிக் காட்டுகிறான். கொடையைப் போற்றுவதே அதற்கு நன்றி. பெயர்த்தெடுத்துக் கூடத்தில் வைப்பதன்று. மகன் பவளத்தின் ஆசையை விட்டான். சாதாரணப் பாறைக் கற்களை அடுக்கிக் குகை அமைத்தான்.

மீன் எங்கிருந்து வருகிறது என்பதும் கேட்டறிய வேண்டிய ஒன்று. உலகில் தொட்டிகளுக்கென விற்கப்படும் கடல்மீன் வகைகளுள் பெரும்பாலானவை இன்றும் கடலில் பிடிக்கப்படுபவையே. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா முதலிய நாடுகளில் சயனைடு நஞ்சைத் தெளித்து மீனை மயக்கிப் பிடிக்கும் கொடுமையும் நிகழ்ந்து வந்துள்ளது. கோமாளி மீனுக்கோ நல்வழி பிறந்துள்ளது. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பாட்டியாரின் பரங்கிப்பேட்டையிலேயே அமைந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையமும் இம்மீனைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சுகளை வளர்த்துக் காட்டியுள்ளன. ஆண் மீன் முட்டைகளைத் துடுப்புகளால் விசிறிக் காவல் காக்க, ஏறத்தாழ ஒரு வாரத்தில் குஞ்சுகள் பொரிகின்றன. இலட்சத்தீவின் அகத்தித் தீவில், நம் சமுதாயச் சகோதரிகளுக்கும் இத்தகைய அலங்காரக் கடலுயிர்களை வளர்க்கும் பயிற்சி அளிக்கப்பட்டுள்ளது. கடலைக் கொள்ளையிடாமல் கடலால் பிழைக்கும் வழி அது. தன் ஊரில் இப்படியொரு கலை வளர்வதைப் பேரன் வாயிலாக அறிந்த பாட்டியாரின் முகம் மலர்ந்தது.

இனி, புதிய தொட்டி அமைந்த விதத்தைக் கேளுங்கள். நீரும் கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் எடை அரை டன்னை விஞ்சும். ஆகவே தரைத்தளத்தில், மாலை வெயில் படாத உட்சுவரோரம் உறுதியான இரும்புத் தாங்கியின்மீது வைத்தனர். கோவளத்திலிருந்து கேன்களில் நீர் கொண்டு வருவதை ஆராய்ந்து கைவிட்டனர். மழைக்காலத்தில் கழிமுக நீர் கலந்து கரையோர உப்பின் அளவு மாறிவிடும். சுத்திகரித்த நீரில் கடல் உப்புக் கலவை 14 கிலோவைக் கரைத்தனர். தொட்டியில் நின்றது 400 லிட்டர்.

நீர் நிறைந்ததும் மீனை விடவில்லை. மீனின் கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியா நஞ்சு. அதை ஒருவகை நுண்ணுயிர் நைட்ரைட்டாகவும், வேறொருவகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். கண்ணுக்குத் தெரியாத அப்பணியாளர்கள் கல்லிலும் மணலிலும் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். ஆறு வாரமும் வெறும் நீரைப் பார்த்துக் காத்திருந்தது அக்குடும்பம். பொறுமை எனும் பாடத்தை நான் மதரஸாவில் சொல்லித் தந்ததைவிட அந்தத் தொட்டி அச்சிறுமிக்கு நன்றாகக் கற்பித்தது. பின்னரே, பழைய நீரோடு புதிய நீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து பழக்கி, இரு மீன்களையும் இடம் மாற்றினர்.

இப்போது வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு கடமை. நாள்தோறும் ஆவியாகும் சில லிட்டருக்கு ஈடாக நன்னீர் ஊற்றுவது சிறுமியின் வேலை. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும் என்பதால் உப்புநீர் ஊற்றலாகாது என்று அவள் எனக்கே விளக்கினாள். உப்பின் அளவைக் கருவியால் பார்ப்பது மகன். மின்சாரம் நின்றால் மின்கலத்தில் இயங்கும் காற்றுக் குழாயைப் பொருத்துவது தந்தை. தாயாரோ வீண்விரயத்துக்கு இடந்தரவில்லை. நீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒதுக்கித் தள்ளும் நீரையெல்லாம் வாளியில் பிடித்து முற்றம் கழுவப் பயன்படுத்துகிறார்.

சென்னையில் கடல்மீன்களைக் கண்ணாடிக்குள் காணும் ஆவல் புதியதன்று. 1909-இலேயே மெரினாவில் மீன் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரின்போது மூடப்பட்டது. 2019 முதல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரிய காட்சியகம் ஒன்று இயங்குகிறது. பிள்ளைகளுக்குக் கடலின் விந்தையைக் காட்ட விரும்பும் பெற்றோர் முதலில் அங்கே அழைத்துச் செல்லுங்கள். பொழுதும் பொருளும் பொறுமையும் உள்ளவர்கள் மட்டுமே வீட்டில் தொட்டி வைக்கட்டும். வைப்பவர்கள் தொடக்கத்திலேயே போதிய அளவில் வைக்கட்டும்.

மூஸா (அலை) அவர்கள் இரு கடல்கள் சங்கமிக்கும் இடம் தேடிப் பயணித்தபோது, உணவுக்கென எடுத்துச் சென்ற மீன் வழியிலேயே கடலுக்குள் நழுவிச் சென்ற வரலாற்றை அல்கஹ்ஃபு அத்தியாயத்தில் நாம் ஓதுகிறோம். அந்த மீன் தன் கடலைக் கண்டுகொண்டது. நாம் வாங்கி வரும் மீனுக்கு அவ்வழி இல்லை. அதற்கு நாம் அமைத்துத் தருவதே கடல். அது குறுகிப் போனால் விரித்துத் தருவதும் நம் கடமையே. எந்த உயிரை நம் கையில் வாங்கினாலும் அதற்குரிய கேள்வி நம்மிடம் உண்டு என்ற உணர்வை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.