நாடாக்களின் வரிசை

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டு வெளியேறியபோது கையோடு எடுத்துச் சென்றவற்றுள் முதலிடம் பெற்றவை காணி உறுதிகளே எனலாம். நகையை மறந்தவர் உளர். உறுதிக்கட்டை மறந்தவர் அரியர். உரும்பிராயைச் சேர்ந்த மூதாட்டி ஒருவரும் துணியிற் பொதிந்த கட்டொன்றை நெஞ்சோடு அணைத்தபடி, கொட்டும் மழையில், செம்மணி வழியாக நாவற்குழியைக் கடந்து தென்மராட்சி சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஊர் திரும்பிய அவர் சில மாதங்களிற் காலமானார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியராகிய அவருடைய மகன், காணி விடயமாக அக்கட்டை அவிழ்த்தபோது, உறுதிகளுக்கிடையே முக்காற் சாண் நீளமான பட்டையொன்று இருந்தது. ஐந்து நிற நாடாக்கள் அருகருகே வைத்துத் தைக்கப்பட்டிருந்தன. பின்புறத்தில் துருவேறிய ஊசி. தந்தையாரின் படைச் சட்டையில் இருந்தது அதுவென்று ஆசிரியருக்குத் தெரியும். அதனை ஏட்டைப் போலப் படிக்கவும் கூடும் என்பது அப்போது தெரியாது.

படிக்கக் கற்பித்தவர் ஜேர்மனியில் வாழும் அவருடைய மருமகன். யாழ்ப்பாணத்தார்க்கு ஜேர்மனி நெடுங்காலமாக ஒரு சொல்லளவிலேயே அறிமுகமாகியிருந்தது. 1914ஆம் ஆண்டு செப்ரெம்பர் 22ஆந் திகதி இரவு சென்னைமீது குண்டு பொழிந்து மறைந்த எம்டன் என்னுங் கப்பலின் பெயர், துணிச்சலும் தந்திரமும் மிக்கவனைக் குறிக்கும் சொல்லாகித் தமிழிற் கலந்தது. அந்நாட்டிலேயே நம்மவர் குடியேறி வாழும் காலமும் பின்னர் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளிற் கூடும் பழம்பொருட் சந்தையில் மருமகன் கண்டவற்றுள் ஒன்று, பழைய படை அதிகாரிகளின் பதக்கங்களும் நாடாப் பட்டைகளும் குவியலாகக் கிடந்த தட்டு. ஒரே மனிதனுக்குரியவை வெவ்வேறு கைகளிற் சிதறிப்போக, அவற்றை ஆண்டுக்கணக்கில் தேடி மீண்டும் ஒன்றுசேர்ப்பதையே தொழிலாகக் கொண்டோர் அங்கு உளர் என்று அவர் மாமனாருக்கு எழுதினார்.

அத்தொழிலின் நுட்பம் வியக்கத்தக்கது. ஜேர்மன் அதிகாரி ஒருவனிடம் விழாக் காலத்தில் அணியும் பதக்கத் தொகுதி ஒன்றும், அன்றாடச் சட்டைக்குரிய நாடாப் பட்டைகள் சிலவும் இருக்கும். இரும்புச் சிலுவை 1813இல் பிரசிய மன்னன் மூன்றாம் பிரெடெரிக் வில்லியத்தால் ஏற்படுத்தப்பட்டது. முதலாம் உலகப் போரில் அதன் இரண்டாம் வகுப்பைப் பெற்றோர் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர். ஆகவே அச்சிலுவை தனித்துக் கிடந்தால் அது எவனுடையது என்று கூற இயலாது. அதன் பக்கத்தில் இருப்பவையே ஆளைக் காட்டும். அக்காலத்திற் பவேரியா, சக்சனி, வூர்ட்டெம்பேர்க் ஆகிய அரசுகள் தத்தமக்கெனத் தனிப் படையும் தனி விருதுகளும் வைத்திருந்தன. கறுப்பு வெள்ளை நாடாவை அடுத்துப் பவேரிய விருதின் நாடா வருமாயின் அவன் எந்நாட்டான் என்பது ஒருவாறு புலப்படும். 1934இல் ஏற்பட்ட கௌரவச் சிலுவையின் நாடா காணப்பட்டால் அப்பட்டை அவ்வாண்டுக்குப் பின்னரே தைக்கப்பட்டது. நீண்ட காலச் சேவை விருதின் நீல நாடா 1936க்குப் பிற்பட்டது. ஒருவனுடைய பட்டைகளைக் கால ஒழுங்கில் வைத்தால் அவனது வாழ்க்கை அடுக்கடுக்காக விரியும். பிரசியப் படையின் பதவிநிலைப் பட்டியல்கள் அதிகாரிகளின் பெயருக்கெதிரே அவர்கள் பெற்ற விருதுகளைக் குறியீடுகளாற் காட்டுவன. பட்டையில் உள்ள சேர்க்கை அப்பட்டியலில் ஒரே பெயருக்கு மட்டும் பொருந்துமாயின் உரியவன் அகப்பட்டான். பின்னர் அடித்துணியின் நிறம், தையலின் போக்கு, தைத்தவரின் சீட்டு ஆகியவற்றைக்கொண்டு எஞ்சிய துண்டுகள் தேடப்படும். பழைய புகைப்படங்கள் உதவும். ஆயினும் ஏமாற்றவும் செய்யும். அக்காலத்துப் படச்சுருளிற் சிவப்புக் கருமையாகவும் நீலம் ஏறக்குறைய வெண்மையாகவும் விழுவதுண்டு.

நம் நாட்டிலும் இத்தகைய உழைப்பு நடந்ததே. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்தும் முறிந்தும் இடையிடையே இதழ் குன்றியும் கிடைத்த ஏடுகளை ஊரூராகத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1887இற் கலித்தொகையை அச்சேற்றினார். பதக்கத்தைச் சங்க நூலோடு ஒப்பிடலாமோ என்று பண்டிதர் சினத்தல் கூடும். பெறுமதி வேறு, சிதறியதைச் சேர்ப்பவனுக்கு வேண்டிய பொறுமை ஒன்றே.

மருமகனின் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆசிரியர் தந்தையாரின் பட்டையைப் படித்தார். முதல் நாடா கருநீலம், சிவப்பு, இளநீலம் என மூன்று சமபங்கு. அது 1939-45 நட்சத்திரத்துக்குரியது. அடுத்தது மணல் நிறம், நடுவே சிவப்புக் கோடு, இருபுறமும் மெல்லிய நீலக் கோடுகள், ஆபிரிக்க நட்சத்திரம். நாலாவதும் ஐந்தாவதும் பாதுகாப்புப் பதக்கத்துக்கும் போர்ப் பதக்கத்துக்கும் உரியன. நடுவில் நின்ற மூன்றாவது நாடாவே அவரைத் திகைக்க வைத்தது. சிவப்பு, வெள்ளை, பச்சை, மீண்டும் வெள்ளை, சிவப்பு. அது இத்தாலி நட்சத்திரத்தின் நாடா. 1943 ஜூன் மாதத்துக்குப் பின்னர் அப்போர்முனையிற் பணியாற்றியோர்க்கே உரியது. தந்தையார் எகிப்துக்கு லொறி ஓட்டப் போனவர் என்பதற்குமேல் வீட்டில் எவரும் எதுவும் அறியார். ஊர் திரும்பியபின் அவர் கொழும்புக்குப் புகையிலையும் வெங்காயமும் ஏற்றிச் செல்லும் லொறியைத் தம் முதுமைவரை ஓட்டினார். போரைப்பற்றி வாய் திறந்ததில்லை.

“தம்பி, ஐயா இத்தாலிக்கு எப்ப போனவர்?” என்று கனடாவிலிருந்து தமக்கையார் தொலைபேசியிற் கேட்டார். கேட்டவரிடமே பதிலின் ஒரு துண்டு இருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வீட்டை விட்டுப் புறப்பட்டபோது தாயார் தந்தையாரின் பதக்கங்களில் ஒவ்வொன்றைக் கொடுத்து அனுப்பியிருந்தார். தமக்கையாரிடம் 1939-45 நட்சத்திரம். இலண்டனில் இருக்கும் தமையனாரிடம் பாதுகாப்புப் பதக்கம். ஆசிரியரிடம் போர்ப் பதக்கம். இத்தாலி நட்சத்திரம் அளவெட்டியில் உறவினர் ஒருவர் வீட்டு அலுமாரியில், பாடசாலை விளையாட்டுப் போட்டிகளின் வெற்றிக் கிண்ணங்களோடு தொங்கிற்று. எப்படி அங்கு சென்றது என்பதை அவ்வீட்டாராலும் சொல்ல இயலவில்லை.

அது தந்தையாருடையது தானா என்ற ஐயம் எழுந்தது நியாயமே. முதலாம் உலகப் போரின் பிரித்தானியப் பதக்கங்களின் விளிம்பிற் படைவீரனின் பெயரும் இலக்கமும் பொறிக்கப்பட்டன. இரண்டாம் போரில் இந்தியப் படையினருக்கு அவ்வாறே செய்யப்பட்டது. பிரித்தானியப் படைப் பிரிவுகளிற் சேர்ந்தோர்க்கோ பெயரில்லாத பதக்கங்களே கிடைத்தன. ஆனால் யாழ்ப்பாணத்தவன் பெயர் வெட்டாத பித்தளைச் செம்பை வீட்டில் வைத்திருப்பானா? தந்தையார் தம் பதக்கங்களைப் பத்தரிடம் கொடுத்து, அண்டா குண்டாக்களில் வெட்டுவதுபோலவே, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் தம் பெயரின் முதலெழுத்துகள் இரண்டைத் தமிழில் வெட்டுவித்திருந்தார். அளவெட்டி நட்சத்திரத்தைத் திருப்பியபோது அவ்வெழுத்துகள் தெளிவாக இருந்தன. இவ்வாறு வெட்டுவதாற் சந்தையில் விலை குறையும் என்று மருமகன் எழுதினார். விற்பவர்க்கு அது குறைதான்.

நான்கு வந்து சேர்ந்தன. ஆபிரிக்க நட்சத்திரம் வரவில்லை. அதனைப் பெற்றவர் கடைசித் தம்பி. 1986இல், பத்தொன்பது வயதில், விடியுமுன் வீட்டைவிட்டுப் புறப்பட்டவரின் சட்டைப் பையில் தாயார் அதனை வைத்தார். அதன்பின் அவரிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை.

இலண்டன் கடைகளில் ஆபிரிக்க நட்சத்திரம் மலிவாகக் கிடைக்கும் என்றும், எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவையே என்றும், ஒன்றை வாங்கி அனுப்புவதாகவும் தமையனார் சொன்னார். கணித ஆசிரியருக்கு அந்த நியாயம் விளங்காததன்று. ஆயினும் அவர் இசையவில்லை. தச்சரைக்கொண்டு கண்ணாடிச் சட்டமொன்று செய்வித்து, தாயார் காத்த நாடாப் பட்டையை மேலேயும் பதக்கங்களைக் கீழே உரிய வரிசையிலும் பொருத்தினார். இரண்டாம் இடத்திற் புதிதாக வாங்கிய மணல் நிற நாடா மட்டும் தொங்குகிறது. அதன் நுனியில் வளையம் வெறுமனே நிற்கிறது. அது விறாந்தைச் சுவரிலன்றி அவருடைய மேசைக்கெதிரே மாட்டப்பட்டுள்ளது.

பின்னர் அவர் போர்ப் பதக்கத்தின் பின்புறத்தை மெல்லிய தாளால் மூடி, பென்சிலால் உரைத்து, அவ்விரண்டு எழுத்துகளின் படியொன்றை எடுத்தார். எழுத்தின் உயரம், ‘வே’யின் கொம்பு சற்றுச் சாய்ந்திருக்கும் கோணம் ஆகியவற்றையும் அளந்து குறித்தார். அத்தாள் ஜேர்மனிக்கு அஞ்சலிற் சென்றது. பழம்பொருட் சந்தைகளில் ஆபிரிக்க நட்சத்திரம் எதனைக் கண்டாலும் திருப்பிப் பார்க்கும்படி மருமகனுக்கு எழுதியிருந்தார்.