தோல் வார் தரும் துணை

சகோதரிகளே, ஆம்பூர் என்றதும் பிரியாணி வாசனைதானே நினைவுக்கு வருகிறது? அங்கே தோல் வாசனையும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் தோல் பதனிடும் ஊர்கள். பக்கத்து வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10-ல் சிப்பாய்கள் பொங்கியெழ ஒரு காரணம், புதுத் தலைப்பாகையில் இருந்த தோல் சின்னம்.

தலையில் வேண்டாமென்ற அந்தத் தோலே, துப்பாக்கி வாரானால் கைகொடுக்கிறது! குப்புறப் படுத்துச் சுடும் வீராங்கனையைப் பாருங்கள்: முழங்கையைத் தரையில் ஊன்றி, வாரை இடது மேற்கையில் இறுக்கிக்கொள்கிறாள். தசை தாங்கினால் களைத்து நடுங்கும். வாரும் எலும்பும் தாங்கினால் குறி நிலைக்கும். அளவு மீறி இறுக்கினாலோ, நாடித்துடிப்பே குறியை ஆட்டிவிடும்!

குழந்தையை இடுப்பில் ஏந்தும் நமக்கு இது புதிதா, என்ன? சுமப்பது கையா? இடுப்பெலும்பல்லவா!