ஆயாவின் துடைப்பம்

எங்கள் ஆயா சாமி கும்பிட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. பெருக்கித்தான் பார்த்திருக்கிறேன். விடியற்காலை நாலரை மணிக்கெல்லாம் வாசலில் தென்னந்துடைப்பத்தின் சத்தம் கேட்கும். பெருக்கி, சாணம் தெளித்து, கோலம் போட்டுவிட்டுத்தான் வாய் கொப்பளிக்கப் போகும். திங்கட்கிழமை என்றால் அந்தத் துடைப்பத்தை ஒரு பழைய துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறித் திருவதிகைக்குப் போய்விடும். வீரட்டானேசுவரர் கோயில் பிராகாரத்தில் அதுபாட்டுக்கு ஒரு மூலையில் தொடங்கிப் பெருக்கிக்கொண்டே வரும். சன்னதிக்குள் போய் நின்றால் இரண்டு நிமிடம். அதற்குமேல் சாமியிடம் பேச அதற்கு ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

பல வருடம் பெருக்கியதில் அந்தத் துடைப்பம் ஒரு பக்கமாகவே தேய்ந்திருக்கும். வலப்பக்க ஈர்க்குகள் நீளமாகவும் இடப்பக்கம் கட்டையாகவும், வெட்டிவிட்டதுபோல் சரிந்து நிற்கும். புதுத் துடைப்பம் கட்டினாலும் ஆறே மாதத்தில் அதே சரிவு வந்துவிடும். வேறு யார் எடுத்துப் பெருக்கினாலும் கை ஒத்துவராது.

பண்ருட்டிப் பக்கம் செம்மண் காட்டு ஊர் எங்களுடையது. அப்பாவுக்கு நாலு ஏக்கர் முந்திரித் தோப்பு. வேலி ஓரமாகப் பலா மரங்கள், சில தாத்தா வைத்தவை, சில அவருக்கும் முந்தியவை. படிப்பு, கல்யாணம், வைத்தியம் எல்லாம் அந்த நாலு ஏக்கரிலிருந்துதான் வரவேண்டும், வந்தது.

2011 டிசம்பர் 29 ராத்திரி. புயலுக்குத் தானே என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். நடுராத்திரிக்கு மேல் காற்றின் சத்தமே மாறிவிட்டது. அதற்குள்ளிருந்து வேறொரு சத்தம், யாரோ பெரிய பெரிய விறகாகப் பிளப்பதுபோல. மரங்கள் முறிகின்றன என்று அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் தலையைத் தூக்கினார். எந்த மரம் என்று காதாலேயே கணக்குப் பார்த்தார் என்று இப்போது நினைக்கிறேன். ஓடுகள் பறந்து கூடத்தில் மழை கொட்டியது. நாங்கள் அடுப்படியில் ஒண்டியிருந்தோம். 30-ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவே கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்ததாகப் பிற்பாடு தெரிந்தது.

காற்று தணிந்ததும் அப்பா தோப்புக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். முந்திரி மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து, வேரோடு எழும்பிய செம்மண் ஆள் உயரத்துக்கு நின்றது. பலா மரங்கள் நடுவில் முறிந்து பால் வடிந்துகொண்டிருந்தது. அந்தப் பச்சைப் பால் வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் பூப்பிடிக்க வேண்டிய மரங்கள். அப்பா எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

ஆயா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தது.

முழங்கால் அளவுக்குத் தழையும் ஓட்டுச் சில்லும் கிடந்த வாசல். அதில் ஒரு ஓரமாகத் தொடங்கி, ஓட்டுச் சில்லைத் தனியாகவும் தழையைத் தனியாகவும் ஒதுக்கிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, “எல்லாம் போச்சு, இப்பப் போய் எதுக்கும்மா பெருக்குற?” என்று கத்தினார். ஆயா நிமிரவில்லை. “மார்கழி மாசம்டா தம்பி. வாசல் இப்படிக் கிடந்தா எப்படி?” என்றது. கொஞ்சம் இடம் சுத்தமானதும் உள்ளே போய் நனையாமல் எடுத்து வைத்திருந்த கோலமாவு டப்பாவைக் கொண்டுவந்தது. நாலு புள்ளி வைத்து ஒரு சின்னக் கோலம், ஈரத்தில் மாவு கரைந்து பாதிதான் நின்றது. பூசணிப்பூவுக்கு வழியில்லை, கொடி எங்கே போனதென்றே தெரியவில்லை. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, கவிழ்ந்து கிடந்த தண்ணீர்த் தொட்டியை நிமிர்த்தினார். அன்றைக்கு அவர் செய்த முதல் வேலை அது.

ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெரியபுராணத்தைக் கோயில் திண்ணையில் உட்கார்ந்து கேட்டதுதான். அதில் அதற்குப் பிடித்தது அப்பர் அல்ல, அப்பருடைய அக்கா. திருவாமூரில் பிறந்த திலகவதியாருக்கு அடுத்தடுத்து விழுந்த அடிகளை அது விரல் மடக்கிச் சொல்லும். அப்பா புகழனார் நோயில் போனார், அம்மா மாதினியாரும் அவரோடு போனார். நிச்சயம் செய்திருந்த கலிப்பகையார் போருக்குப் போன இடத்தில் மாண்டார். தானும் உயிரை விடப் போனவர், தம்பி அநாதையாகி நிற்பானே என்று தங்கினார். அந்தத் தம்பி மருள்நீக்கியாரும் சமண சமயத்தில் சேர்ந்து, தருமசேனர் என்று பெயர் பெற்று, அவரைவிட்டுப் போனார். மிஞ்சியது ஒன்றுமில்லை. அந்த அம்மா திருவதிகைக்கு வந்து கோயிலைப் பெருக்கி, மெழுகி, பூத்தொடுத்துக்கொண்டு இருந்தார்.

இதில் ஓர் இடத்தை ஆயா சொல்லும்போதெல்லாம் குரல் மாறும். தம்பிக்குச் சூலை நோய் வந்து, எந்த வைத்தியமும் பலிக்காமல், குடலைப் பிடித்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக அக்கா காலில் வந்து விழுகிறார். அக்கா திருநீறு கொடுக்கிறார். அப்புறம் திருப்பள்ளியெழுச்சி நேரத்தில் வழக்கம்போல் துடைப்பமும் சாணம் கரைத்த தோண்டியும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்புகிறார், தம்பியும் கூடப் போகிறார். “தம்பி வந்துட்டானேன்னு அன்னிக்கு வேலைய விடல பாத்தியா” என்னும் ஆயா. அத்தனை வருடம் வேண்டிக்கொண்ட வரம் வாசலில் வந்து நிற்கிற நாளிலும், வரம் வராத நாளிலும், அந்த அம்மாவின் விடியற்காலை ஒன்றுதான். சேக்கிழார் அதை எழுதும்போது என்ன நினைத்தாரோ, எங்கள் ஆயா பிடித்துக்கொண்டது அதைத்தான்.

பிற்காலத்தில் அப்பர் கையில் உழவாரத்தோடு ஊர் ஊராகப் போய்க் கோயில் முற்றத்தில் புல் செதுக்கினார். சிலைகளில் எல்லாம் அந்தக் கருவி தோளில் சாய்ந்திருக்கும். அது அக்காவிடமிருந்து வந்த பழக்கம் என்று எனக்குத் தோன்றும். கல்லில் கட்டிக் கடலில் தள்ளியபோது அவர் மிதந்து வந்து ஏறிய இடம் என்று கடலூரில் கரையேறவிட்ட குப்பத்தைக் காட்டுவார்கள். எங்கள் தோப்பைச் சாய்த்த காற்றும் அந்தக் கடலிலிருந்துதான் வந்தது.

ஆயா 2015-இல் போய்விட்டது. அப்பா 2021 மே மாதம்.

கொரோனா இரண்டாம் அலை. அம்மாவையும் அப்பாவையும் அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் சென்னையில் எங்கள் வாடகை வீட்டுக்கு அழைத்து வந்திருந்தேன். அப்பாவை ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். உள்ளே யாரையும் விடவில்லை. தினம் சாயங்காலம் ஒரு போன் வரும். ஆக்சிஜன் அளவு எவ்வளவு என்று ஓர் எண் சொல்வார்கள். 91 என்றால் சோறு இறங்கும், 86 என்றால் இறங்காது. அந்த எண்ணைச் சுற்றியே வீட்டில் பகலும் இரவும் நடந்தது.

நான் வேண்டிக்கொண்டதையெல்லாம் சொல்வதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மொட்டை, பாதயாத்திரை, அங்கப்பிரதட்சணம், வீடு விற்றாவது அன்னதானம். ஒவ்வொரு சாயங்காலமும் எண் இறங்க இறங்க என் நேர்த்திக்கடன் ஏறிக்கொண்டே போனது. மனசு மட்டும் ஒரு நிமிடம்கூட அடங்கவில்லை. ஒருவரிடம் பேரம் பேசிக்கொண்டே அவரை நம்பவும் முடியாது என்பது அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

ஏழாம் நாள் விடியற்காலை தூக்கம் இல்லாமல் படியிறங்கி வந்தேன். வாசலில் நிற்கும் புங்க மரம் பூவைக் கொட்டியிருந்தது. தரை முழுக்கப் பொரி இறைத்ததுபோல் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கிடந்தது. மாடிப்படிக்கு அடியில் வீட்டுக்காரர்கள் வைத்திருந்த துடைப்பம் சாய்ந்திருந்தது. ஏன் எடுத்தேன் என்று தெரியாது. சுவர் ஓரமாகத் தொடங்கினேன். பூவைத் தள்ளத் தள்ள, கீழே தூசி, அதற்குக் கீழே சிமெண்டுத் தரையில் ஒரு விரிசல், விரிசலுக்குள் எறும்பு. குனிந்த முதுகு வலித்தது. முழு வாசலையும் பெருக்கிக் குவியலாகக் கூட்டி நிமிர்ந்தபோதுதான், அரைமணி நேரமாக அந்த எண் நினைவுக்கே வரவில்லை என்பது உறைத்தது.

அங்கேயே நின்று, “நீ பாத்துக்க” என்று மட்டும் சொன்னேன். கூடவே எதையும் கேட்கவில்லை. மேலே போய் வெறுந்தரையில் படுத்தேன். ஒரு வாரத்தில் முதல்முறையாக இரண்டு மணி நேரம் தூங்கினேன். அந்தத் தூக்கம் எனக்கு யாரோ கொடுத்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாளும் பெருக்கினேன், அதற்கு மறுநாளும். பதினோராம் நாள் அப்பா போய்விட்டார்.

அதற்குப் பிறகு பல நாள் சாமியிடம் கோபமாக இருந்தேன். அதை மறைக்க வேண்டியதில்லை என்று இப்போது நினைக்கிறேன். திருவதிகையில் அப்பர் முதன்முதலாகப் பாடியதே வலி தாங்காமல் முறையிட்டதுதான். அந்தக் கதறல்தான் நாலாம் திருமுறையின் முதல் பதிகமாக இருக்கிறது. நம்பினவர் கேட்கக்கூடாது, அழக்கூடாது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பதிகம் ஞாபகம் வரும். ஆனால் ஒன்று. மயானத்தில் முழுக்கவச உடையில் நாலு பேர் தூரத்தில் நிற்க, அம்மாவுக்குப் போன் போட்டு, முடிந்தது என்று சொல்ல வேண்டியிருந்த அந்த நிமிடத்தில், என் கால் நடுங்கவில்லை. விடியற்காலை வாசலில் காலுக்கடியில் இருந்த அதே தரை அங்கேயும் இருந்தது. அப்பா பிழைத்திருந்தால்தான் அது இருந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தானே புயலுக்குப் பிறகு சாய்ந்த மரங்களை விறகு விலைக்குக் கொடுத்துவிட்டு அப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புதுக் கன்று வைக்க மனசில்லை. “காய்ப்புக்கு வர்றதுக்குள்ள யார் இருப்பா யார் இல்ல” என்பார். ஆயாதான் தினமும் சொல்லிச் சொல்லி, விருத்தாசலம் ஆராய்ச்சிப் பண்ணையின் ஒட்டுக்கன்றுகளை வாங்கி வைக்கச் செய்தது. “குழி தோண்டி நட்டுத் தண்ணி ஊத்து. மிச்சம் அவன் வேலை.” நாலாம் வருடம் ஓரளவு காய்த்தது. ஆயா அந்த முதல் கொட்டையைப் பார்த்தது.

ஊரில் இப்போது அம்மா தனியாக இருக்கிறாள். இந்த மாசியில் பத்து நாள் போயிருந்தேன். முந்திரிக் கொட்டையைப் பறிப்பதில்லை, பழுத்துத் தானாக விழுவதைப் பொறுக்குவதுதான். அதற்கு முன் ஒவ்வொரு மரத்தடியையும் சருகு இல்லாமல் சுத்தம் செய்து வைக்க வேண்டும். அம்மா ஒரு வரிசையும் நான் ஒரு வரிசையுமாகப் பெருக்கினோம். என் கையிலிருந்தது அம்மா புதிதாகக் கட்டிய துடைப்பம், இன்னும் சரிவு விழவில்லை. பத்து மணிக்குள் வெயில் ஏறிவிட்டது. கடைசி மரத்தடியையும் முடித்துவிட்டுச் செம்மண்ணில் உட்கார்ந்து, செம்பிலிருந்து தண்ணீர் குடித்தோம். தலைக்கு மேல் பழங்கள் சில மஞ்சளாகவும் சில இன்னும் பச்சையாகவும் தொங்கின. அடியில் தரை சுத்தமாகக் கிடந்தது.

“இன்னும் ஒரு வாரம் ஆவும்டா” என்றாள் அம்மா, அண்ணாந்து பார்த்து. “வா, போலாம்.”