நாற்பது வேலி நிலமும் ஒரு பாட்டுக்காரரும்

சினிமா வருவதற்கு முன்பே ஊரெல்லாம் முணுமுணுத்த பாட்டுகளை எழுதியவர் யார் என்று கேட்டால், தயங்காமல் கோபாலகிருஷ்ண பாரதியார் என்பேன். நரிமணத்தில் பிறந்தவர், ஆனந்ததாண்டவபுரத்திலும் மாயவரத்திலும் வாழ்ந்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். மனசு மட்டும் எப்போதும் சிதம்பரத்தில். சிதம்பரம் கோயிலைக் காண ஏங்கிய, ஒடுக்கப்பட்ட பண்ணையாள் நந்தனின் கதையைச் சொல்லும் அவருடைய ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ முதலில் வாய்வழியாகப் பரவியது, 1860களில்தான் அச்சேறியது. அச்சேறக் காரணமானவர் காரைக்காலில் கலெக்டராக இருந்த சீசே என்ற பிரெஞ்சுக்காரர்.

புத்தகத்துக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வீட்டுக்குப் பாரதியார் நடையாய் நடந்தார். இலக்கணப் பிழை மலிந்த பாட்டு என்று பிள்ளைக்கு அதில் மனமில்லை, இழுத்தடித்தார். ஒருநாள் பிள்ளை உள்ளே படுத்திருக்க, திண்ணையில் காத்திருந்த பாரதியார் தம் பாட்டு ஒன்றைத் தம்மை மறந்து பாட ஆரம்பித்தார். கேட்கக் கேட்கப் பிள்ளை கரைந்துபோனார். பாயிரம் கிடைத்துவிட்டது. இதை எழுதி வைத்தவர் உ.வே.சாமிநாதையர்; மாயவரத்தில் பாரதியாரிடமே கொஞ்ச காலம் சங்கீதம் கற்றவர்.

பண்டிதர்கள் பிழை என்று ஒதுக்கிய அந்தப் பேச்சுத் தமிழ்தான் பாட்டின் உயிர் என்று நான் நம்புகிறேன். நொண்டிச்சிந்து, இருசொல் அலங்காரம், தண்டகம் என்று தெருவும் வயலும் அறிந்த மெட்டுகளைக் கீர்த்தனையோடு சரிசமமாக உட்கார வைத்தார். திருப்பாதிரிப்புலியூரில் என் அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே ‘வருகலாமோ’ பாடுவார். அது மாஞ்சி ராகம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. ஆனால் தில்லை எனும் சிதம்பரத்தின் எல்லையில் நின்று நந்தன் அனுமதி கேட்கும் அந்த ஒரு சொல்லில் முறம் நின்றுவிடும். மூச்சு விட்டுத்தான் மறுபடி புடைப்பார்.

பெரியபுராணத்து நந்தனுக்கு எஜமான் கிடையாது. வேதியர் என்ற பண்ணையார் பாரதியாரின் சொந்தப் படைப்பு. திருவாதிரைக்குச் சிதம்பரம் போக உத்தரவு கேட்டால், நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் அவர். காவிரிக் கரைப் பண்ணையாள்களின் வாழ்க்கை இப்படித்தான் கச்சேரி மேடை ஏறியது. ஒரு பிராமணர், அந்தக் காலத்தில், இதைக் கற்பனை செய்தார் என்பது எனக்கு இன்றும் பெரிய விஷயம். அதே கதை, வேதியரை மனம் திருந்த வைத்து, நந்தனைத் தீயில் இறக்கித்தான் கோயிலுக்குள் விடுகிறது. அந்த வலியை எந்த ராகமும் ஆற்றவில்லை.

இந்தக் கதை சினிமாவுக்கும் போனது. 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாக நடித்தார். அவருக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் என்பது அன்று ஊர்ப் பேச்சு. 1942இல் ஜெமினி படத்தில் எம்.எம். தண்டபாணி தேசிகர். அந்த தேசிகரே பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறைத் தலைவராகச் சிதம்பரத்துக்கு வந்து சேர்ந்தார். அதற்கு வெகு முன்பே, 1916இல், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக சுவாமி சகஜானந்தர் இதே ஊரில் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கியிருந்தார். நந்தன் கேட்ட அனுமதியை எவரிடமும் கேட்காமல் பிள்ளைகள் படியேறிய இடம் அது.

இன்று கச்சேரியில் இந்தச் சரித்திரத்திலிருந்து ஒன்றிரண்டு உருப்படிகள் துக்கடாவாக வந்து போகின்றன. அது போதாது. வேதியரின் அதட்டல், அறுவடை, நொண்டிச்சிந்து எதையும் விடாமல், ஒரு மார்கழி இரவு முழுக்கச் சிதம்பரம் தெற்கு வீதியில் வைத்துப் பாட வேண்டும். சகஜானந்தர் பள்ளிப் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார வேண்டும்.